வெண்சங்குத் தீவின் ஒன்பதாம் பாகம்

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியபோது சிவசங்கர் மறுபடியும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

"இன்னாடா இப்டி வேர்க்குது ஒனக்கு?" என்றாள் அம்மா ஜோதிலட்சுமி, மடியிலிருந்த பூப்பொட்டலம் நசுங்காமல் பிடித்துக்கொண்டே. "பொண்ணு நீயே பாத்து வெச்ச பொண்ணு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டு. இன்னிக்கிதான் மொத மொத பாக்கப்போறவன் மாதிரி நடுங்குற!"

"பொண்ணப் பாக்க இல்லம்மா. பொண்ணோட அப்பாவ."

"ஏன், அவரு இன்னா புலியா?"

புலியாக இருந்தால் தேவலையே! புலி கேள்வி கேட்காது. ப்ரீத்தியின் அப்பா ராமாமிர்தம் எழுத்தாளர்.

அதிலும் சாதாரண எழுத்தாளர் இல்லை. வேளாண்மைத் துறையில் விதை நெல்லைச் சோதிக்கும் வேலை பார்த்துக்கொண்டே, 'வெண்சங்குத் தீவு' என்று ஒரு மாயாஜாலக் கதையை ஒன்பது பாகம் எழுதிப் போட்டவர். ஒவ்வொரு பாகமும் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை கனம். பேசும் சங்கு, பறக்கும் சுறா, வச்சிரசேனன் என்று ஒரு ராஜா, அவனுக்கு எதிரியாக ஒரு மந்திரக்காரி. ஓய்வு பெற்ற கையோடு பத்தாவது பாகத்தை வேறு ஆரம்பித்திருந்தார்.

அதனால் சிவசங்கருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் ப்ரீத்தி வாயால் வந்தது.

"எங்கப்பா ஜாதகம் கேக்கல, நெலம் எவ்ளோன்னு கேக்கல," என்று ஒரு நாள் ஆபீஸ் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். "'அந்தத் தம்பி என் புக்கப் படிச்சிருக்காரா'ன்னு மட்டுந்தான் கேட்டாரு. சின்ன வயசுலேர்ந்தே ஒங்க ரசிகருப்பான்னு சொல்லிட்டேன்."

"அய்யய்யோ! பொய்யா சொன்ன?"

"இப்போதைக்குப் பொய். ரெண்டு வாரம் கழிச்சிதான பொண்ணு பாக்க வர்ற, அதுக்குள்ள உண்மையாக்கிடு."

"நீ படிச்சிருக்கியா?"

ப்ரீத்தி டிபன் பாக்ஸை மூடினாள். "மூணு பாகம். அதுக்கு மேல எனக்குத் தூக்கம் வந்துடும். அப்பாகிட்ட சொல்லித் தொலச்சிடாத. இன்னொண்ணு. பொய்யாப் புகழ்ந்தா மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிடுவாரு. கொற சொன்னா நாலு நாளு சாப்பிட மாட்டாரு."

"அப்ப இன்னாதான் சொல்றது?"

"அத நீதான் பாத்துக்கணும்."

கடையில் அந்தப் புத்தகங்கள் கிடைப்பதில்லை. ப்ரீத்தி வீட்டு அலமாரியிலிருந்து ஒன்றை உருவினால் ராமாமிர்தம் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கடைசியில் சிவசங்கரின் வீட்டுக்குப் பக்கத்திலேயே, செம்மண்டலத்தில் ரத்தினம்மாள் நடத்தும் வாடகை நூலகத்தில் ஒன்பதும் இருந்தன. பாவம், 'தானே' புயலில் அந்த அம்மாளின் கூரை ஷீட் பறந்துபோய் புத்தகமெல்லாம் ஊறிவிட்டது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டு, முன்னும் பின்னும் நாலு பக்கம் போனவற்றுக்கெல்லாம் பழுப்பு அட்டை போட்டு பைண்டு பண்ணி, முதுகில் நம்பர் சீட்டு ஒட்டி மறுபடி கடையைத் திறந்திருந்தாள்.

சிவசங்கர் அதுவரை கதைப் புத்தகம் என்று தொட்டதில்லை. ஆனால் ஒன்று என்று ஒட்டியிருந்ததை எடுத்தவன் அசந்துபோனான். என்ன எழுத்து! கடற்கரையில் ராஜா வச்சிரசேனன் செத்து விழும் இடத்தில் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்டக்டர் 'ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா' என்று விசாரித்தார். இரண்டாவதும் பரவாயில்லை, செத்த ராஜா திரும்பி வந்துவிட்டான் என்பதைத் தவிர. மூன்றுக்குப் பிறகுதான் வினை. கதையில் செத்தவனை எழுப்ப ஆரம்பித்தாலே சரக்கு தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். இவர் ஒரு பட்டாளத்தையே எழுப்பினார். ராஜா வாலிபனாகிப் பெண் பின்னால் சுற்றினான். ஒன்பதில் மறுபிறவி எடுத்துத் தொட்டிலில் கிடந்தான். நடையும் போகப் போகச் சின்னப்பிள்ளைத்தனம். வரிக்கு வரி ஆஹா, வரிக்கு வரி ஓஹோ. ஒன்பதை முடித்தபோது, மனுஷன் எப்படி இருந்து எப்படி ஆகிவிட்டார் என்று சிவசங்கருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

இந்த வருத்தத்தை மனசுக்குள் அமுக்கி வைத்துக்கொண்டுதான் அவன் இப்போது பஸ்ஸில் வேர்த்துக்கொண்டிருந்தான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் 'ரத்தினம்' என்று வந்தது. சட்டென்று கட் பண்ணினான்.

"யாருடா?"

"லைப்ரரிக்காரம்மா. புக்கத் திருப்பிக் குடுக்க நாளாயிடுச்சி. அதான் கத்தும். நல்ல காரியத்துக்குப் போறப்ப அதுகிட்ட வேற திட்டு வாங்கணுமா?"

சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வாசலில் நின்ற ராமாமிர்தத்தைப் பார்த்ததும் சிவசங்கருக்குப் பாதி பயம் போயிற்று. வெடவெடவென்று ஒல்லியான மனிதர். தானே தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்து நீட்டினார். கூடத்தில் கண்ணாடி அலமாரியில் ஒன்பது பாகங்களும் வரிசையாக நின்றன. ஜன்னலோரம் மேஜை. அதன் மேல் எழுதிய தாள்கள் ஒரு கட்டு, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு வெண்சங்கு. பத்தாவது பாகம் அதுதான் என்று சொல்லாமலே தெரிந்தது.

பிரம்பு நாற்காலியில் ப்ரீத்தியின் தாய்மாமன் தேவநாதன். கீழ வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். அவர் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு நல்ல காரியமும் நடக்காது. ஆள் சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுகிறவர் என்று ப்ரீத்தி ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. ப்ரீத்தி பட்டுப்புடவையில் வந்து கும்பிட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது 'ஜாக்கிரதை' என்று கண்ணாலேயே சொன்னாள்.

"தம்பி நம்ம ரசிகர்னு பாப்பா சொல்லிச்சி," என்றார் ராமாமிர்தம்.

"ஆமா சார். சின்ன வயசுலேர்ந்து."

"எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். மத்ததெல்லாம் பொம்பளைங்க பேசிக்கட்டும்." அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தொடரு போவப் போவ எறங்கிடிச்சின்னு சொல்றாங்க. நம்ம மச்சானே அதான் சொல்றாரு. நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

அந்தக் குரலில் கர்வமே இல்லை. டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவரின் குரல் அது. சிவசங்கருக்கு அதுதான் தாங்கவில்லை.

"சேச்சே! யாரு சார் சொன்னா? ஒம்பதும் ஒண்ண ஒண்ணு தூக்கிச் சாப்புடுது!"

"பாத்தியா மாமா," என்றார் தேவநாதன் பஜ்ஜியை மென்றபடி. "தம்பிக்கு ஒம்பதும் ஒரே ருசி. எங்கடைக்கும் இந்த மாதிரி ஆளு வருவாங்க. எல்லாப் பாத்திரமும் நல்லாருக்கும்பாங்க, ஒண்ணும் வாங்க மாட்டாங்க."

ராமாமிர்தத்தின் முகம் வாடியது. "எல்லாமே நல்லாருக்குன்னா படிக்கலன்னு அர்த்தம் தம்பி."

போச்சுடா என்று நினைத்தான் சிவசங்கர். படித்தவன் என்று நிரூபிக்க வேண்டுமானால் எதையாவது பிரித்துச் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே பிடித்ததைச் சொன்னால் ஆபத்தில்லையே!

"இல்ல சார், படிச்சேன். எனக்கு உசிரே மொதப் பாகந்தான். அதுல ஒரு நிதானம், ஒரு முதிர்ச்சி. படிக்கறப்ப அழுதுட்டேன் சார்."

"மொதப் பாகமா?" ராமாமிர்தம் கண்ணாடியைக் கழற்றினார். "அது கல்யாணமான புதுசுல, ஆபீஸ் வேஸ்ட் பேப்பர் பின்னால கிறுக்குனது. இன்னிக்கி அத எடுத்துப் பாக்க எனக்கே வெக்கமா இருக்கும். அதுலயா முதிர்ச்சி?"

"அதெல்லாம் தன்னடக்கம் சார். அந்த மாதிரி எழுத்து அதுக்கப்புறம்..."

சொல்லும்போதே சிவசங்கருக்கு உறைத்துவிட்டது. வாயை மூடினான். தேவநாதன் விடுவாரா?

"அதுக்கப்புறம்? சொல்லுங்க தம்பி! அதுக்கப்புறம் எறங்கிடிச்சி, அதான?"

"எறங்கல... கொஞ்சம்..."

"எவ்ளோ கொஞ்சம்?"

போன் அடித்தது. 'ரத்தினம்'. கட் பண்ணினான். தேவநாதனின் கண் போனுக்குப் போய்த் திரும்பியது.

"அது இயற்கைதான சார்," என்று சிவசங்கர் சமாளிக்கப் பார்த்தான். "எத்தினி வருஷமா எழுதறீங்க! கெணறுன்னா கோடையில வத்தத்தான செய்யும்? அதுக்காக அது கெணறு இல்லன்னு ஆயிடுமா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த ப்ரீத்தி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப கடைசிப் பாகம்?" என்று கேட்டார் ராமாமிர்தம். சத்தமே எழும்பவில்லை.

சிவசங்கர் வாயைத் திறப்பதற்குள், மகனை இத்தனை பேர் சேர்ந்து மடக்குகிறார்களே என்று பொறுக்க முடியாமல் ஜோதிலட்சுமி களத்தில் இறங்கினாள்.

"எம்புள்ள கூச்சப்படுதுங்க. மனசுல ஒண்ணு வெச்சி வெளிய ஒண்ணு பேசத் தெரியாது. அந்த ஒம்பதாவது புக்கு இருக்கே, அதப் படிச்சிட்டு, 'அம்மா, பள்ளிக்கொடத்துப் பையன் எழுதுன மாதிரி இருக்கு'ன்னு கட்டில் மேல தூக்கிப் போட்டான். உண்மையப் பேசறதுல அவன அடிச்சிக்க ஆளே கெடையாது!"

அம்மா பெருமையோடு எல்லாரையும் பார்த்தாள். ப்ரீத்தியின் அம்மா சௌந்தரம் கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

ராமாமிர்தம் எழுந்தார். மேஜையருகே போனார். சங்கை எடுத்து ஜன்னல் மேல் வைத்தார். தாள்களை நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்.

"சௌந்தரம், இத வெந்நீர் அடுப்புல போட்டுடு."

"இன்னாங்க இது!"

"ஒம்பதாவத, கண் ஆபரேஷன் பண்ணி ஒரு கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு எழுதினேன். நான் எழுதனதுலேயே அதான் ஒசத்தின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "மச்சான் சொன்னா வம்புன்னு விட்டுடலாம். இந்தத் தம்பி பொண்ணு கேட்டு வந்த புள்ள. என் மனச நோவடிச்சி அதுக்கு ஆவப்போறது இன்னா? அப்ப அது சொன்னது நெசமாத்தான் இருக்கணும்."

தேவநாதன் வாயிலிருந்த பஜ்ஜி அங்கேயே நின்றுவிட்டது. மனுஷனுக்கு வம்பு பிடிக்குமே தவிர, அக்கா புருஷன் மேல் உயிர். "மாமா, மாமா! நான் சும்மா வெளையாட்டுக்குச் சொல்றது. கடை யாவாரத்துல எனக்கேது நேரம்? நாலாவதுக்கு மேல நான் தொட்டதே இல்ல!"

"தொடலயா? பின்ன எறங்கிடிச்சின்னு எப்டி சொன்ன?"

"எல்லாத் தொடரும் அப்டித்தான் ஆவும்னு ஒரு குத்துமதிப்பா..."

ராமாமிர்தம் மனைவியைப் பார்த்தார். சௌந்தரம் கரண்டியைப் பார்த்தாள். "எனக்கு அந்தச் சங்கு பேச ஆரம்பிச்சதுமே பயமாப் போச்சிங்க. மொதப் பாகத்துலேயே நிறுத்திட்டேன்."

ப்ரீத்தி, கேட்பதற்கு முன்னாலேயே, "மூணுப்பா," என்றாள்.

"அப்ப ஒம்பதையும் படிச்ச ஒரே ஆளு இந்தத் தம்பிதான்." ராமாமிர்தம் மெல்ல உட்கார்ந்தார். "அதுக்கும் புடிக்கல."

நல்ல மனிதர். வாழ்நாள் முழுக்க ஒரு தீவைக் கட்டி, அதில் குடியிருக்க ஒருத்தராவது வருவாரா என்று காத்திருந்தவர். வந்த ஒரே ஆசாமி வீட்டைக் கொளுத்திவிட்டான். ப்ரீத்தி கண்ணைத் துடைப்பது தெரிந்தது. சிவசங்கர் கை கழுவும் சாக்கில் பின்கட்டுக்குப் போனான். அவளும் வந்தாள்.

"உன்ன யாரு உண்மையச் சொல்லச் சொன்னது?"

"நீதான பொய் சொன்னா கண்டுபுடிச்சிடுவாருன்ன!"

"இன்னிமே எங்கப்பா பேனாவத் தொட மாட்டாரு. பேனாவத் தொடாத எங்கப்பாவ நான் பாத்ததே இல்ல. எதுனா செஞ்சி சரி பண்ணு. இல்லன்னா இந்தக் கல்யாணம் நடந்தாலும் எனக்குச் சந்தோஷம் இருக்காது."

அது நியாயம்தான். சிவசங்கர் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டான்.

"சார், தப்பு என் மேலதான். எனக்கு இந்த மாதிரி கதையெல்லாம் அவ்ளோவா புரியாது."

"புரியாத மாதிரி எழுதியிருக்கேன்னு சொல்றீங்க."

"இல்ல சார்! நான் அவசர அவசரமாப் படிச்சேன். ரெண்டே வாரத்துல ஒம்பதும்..."

"ரெண்டு வாரமா?" தேவநாதன் நிமிர்ந்தார். "சின்ன வயசுலேர்ந்து படிச்சீங்கன்னு சொன்னீங்க?"

ராமாமிர்தம் மகளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. "நீயுமா பாப்பா எங்கிட்ட பொய் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

ப்ரீத்தி அழுதேவிட்டாள். ஜோதிலட்சுமி பூப்பொட்டலத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று அதற்கு அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துத்தானா மறுபடியும் போன் அடிக்க வேண்டும்! சிவசங்கர் கட் பண்ணினான். உடனே திரும்ப அடித்தது. மறுபடி கட் பண்ணப்போனவனின் கையை தேவநாதன் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. வந்ததுலேர்ந்து பாக்கறேன், அடிக்குது, கட் பண்றீங்க. அடிக்குது, கட் பண்றீங்க." திரையை எட்டிப் பார்த்தார். "யாரு ரத்தினம்?"

"லைப்ரரி நடத்தறவங்க மாமா. வயசானவங்க."

"லைப்ரரிக்காரம்மா ஞாயித்துக்கெழம இத்தினி தடவ கூப்புடுவாங்களா? ஏற்கனவே ஒரு பொய் வெளிய வந்தாச்சி. பொண்ணக் குடுக்கற எடத்துல நாங்க எல்லாத்தையும் தெரிஞ்சிக்க வேணாமா?"

"தேவநாதா, விடு. அது போவட்டும்," என்றார் ராமாமிர்தம்.

"விட மாட்டேன் மாமா. நம்ம பொண்ணு வாழ்க்கை. தம்பி, மடியில கனம் இல்லன்னா ஸ்பீக்கர்ல போடுங்க."

புத்தகத்தை இரண்டே வாரத்தில் படித்து முடித்தவன் என்பது இந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. நாள் தள்ளித் திருப்பித் தராதவன் என்பதும் இனி தெரியட்டும். மானம் போவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? சிவசங்கர் பட்டனை அமுக்கி, போனை மேஜை மேல், நூல் கட்டிய தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

ரத்தினம்மாளின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று ஒலித்தது.

"ஏன் தம்பி, காலையிலேர்ந்து அடிக்கிறேன், கட் பண்ணிக்கிட்டே இருக்கியே! ஒனக்கு முன்னாடி எடுத்த டீச்சரம்மா இன்னிக்கி வந்து என்னய கிழிகிழின்னு கிழிச்சிட்டுப் போவுது! மாடியில காயப்போட்டு அள்ளுனப்ப அடுக்கு தலகீழாப் போயிருக்கு, நான் பாட்டுக்கு மேலேர்ந்து நம்பரு ஒட்டிட்டேன். அந்த வெண்சங்குத் தீவ இன்னும் ஆரம்பிக்கலன்னா ஒம்பதுலேர்ந்து ஆரம்பி தம்பி, ஒம்பதுன்னு இருக்கறதுதான் மொதப் பாகம், ஒண்ணுன்னு இருக்கறதுதான் கடைசி!"